கல்லாறு வரை இழுத்துப் போக ஒரு வண்டி

கூட்டாகப் பணம் போட்டு இழுவைக் கேரவன் வாங்கத் திட்டமிடும் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் நண்பர்களுக்கு,

டிரெய்லர் ஏறக்குறைய முடிவாகிவிட்டது, அதை இழுக்க எந்த பிக்கப் என்பதில்தான் வீட்டுக்கு ஒரு கட்சியாக நிற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் ஹைலக்ஸ் என்கிறார். ஒருவர் வி-கிராஸ் என்கிறார். இன்னொருவர், பொலேரோ கேம்பர் போதும், மிச்சமாகும் காசில் டீசல் போட்டு ஊரெல்லாம் சுற்றலாம் என்கிறார். முதல் பயணம் விதுரா வழியாகக் கல்லாறு, அங்கிருந்து பொன்முடி என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு. நல்லது. போகிற இடம் தெரிந்தால்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியும். மலைப்பாதையில் சுமை வண்டி ஓட்டிப் பழகியவன் என்கிற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எது நன்றாக இழுக்கும்? அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுங்கள். இழுப்பது இந்தத் தொழிலில் மிக எளிய வேலை. நம்ப முடியாவிட்டால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லர் எல்லாம் ஏற்றிய பிறகு 1,200 கிலோ, பிக்கப்பும் ஆட்களும் சாமானும் சேர்ந்து 2,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,600 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இந்தப் பாரத்தை ஏற்றச் சக்கரத்தில் வேண்டியது சுமார் 32 குதிரைசக்தி. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலையில் அதற்கு மேல் வேகம் யாருக்கும் தேவையில்லை. கேம்பரின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் 75 குதிரைசக்தி தருகிறது. வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 163 தருகிறது. ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் 204. ஆக மூன்றுமே ஏறிவிடும். ஷோரூமில் குதிரைசக்தியையும் டார்க்கையும் காட்டி உங்களை மயக்குவது எளிது. ஆனால் பொன்முடியிலிருந்து இறங்கும்போது அந்த 204 குதிரைகளும் உங்களுக்காக ஒன்றும் செய்யப் போவதில்லை.

இறங்கும் கணக்கு வேறு. பொன்முடி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். 22 கொண்டை ஊசி வளைவுகள். அதே 3,600 கிலோவும் அதே எட்டு விழுக்காட்டுச் சரிவில் அதே 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், நொடிக்கு நொடி 16 கிலோவாட் வெப்பத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றும் டயரும் வாங்கிக்கொள்வதைக் கழித்துவிட்ட கணக்கு இது. ஓர் ஆயிரம் வாட் ஹீட்டர் பதினாறை ஒன்றாகப் போட்ட சூடு, அதுவும் இறக்கம் முடியும்வரை. இதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறிய கியரில் இறங்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வது அதற்காகத்தான். மிச்சம் பிரேக்குக்குப் போகும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் முழுதும் உங்கள் பிக்கப்பின் நான்கு சக்கரங்களின் தலையில். பத்தாவது வளைவுக்குள் டிரம் காய்ந்து, மிதித்தால் பெடல் பலகைபோல நிற்கும், வண்டி நிற்காது. பிரேக் சூட்டில் எண்ணெய் கொதித்தால் நிலைமை இன்னும் மோசம்: பெடல் தரைவரை போய்விடும்.

அதனால் பிக்கப்பைப் பார்க்கும் முன் டிரெய்லரின் அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் இருக்கிறதா? என்ன வகை? டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும்போது அந்தத் தள்ளுவிசையிலேயே பிடிக்கும் வகை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் அதுதான் பரவல். எளிமையானது, மின்சாரம் வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த பிரேக்கும் ஓயாமல் உரசிக்கொண்டே வரும். மின்சார பிரேக் என்றால் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் அதை மட்டும் தனியாகப் பிடித்து நேராக்கலாம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், காசு கூடினாலும். பிரேக்கே இல்லாத டிரெய்லர் 750 கிலோவுக்கு மேல் போனால் அதைக் கல்லாறு பக்கம் கொண்டு போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் பிக்கப்புகளின் இழுவைத் திறனை அளக்க ஜே2807 என்று ஒரு தர அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் டேம் என்ற இடத்தில் 18 கிலோமீட்டர் ஏற்றம். 38 டிகிரி வெயில், ஏசி முழு அளவில் ஓட வேண்டும், வேகம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விழக் கூடாது. 12 விழுக்காட்டுச் சரிவில் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னாலும் ஐந்து முறை பின்னாலும் கிளப்பிக் காட்ட வேண்டும். அந்த விதிகளை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். கல்லாறிலிருந்து பொன்முடியும் ஏறத்தாழ அதே தூரம்தான். ஆனால் டேவிஸ் டேமில் 22 கொண்டை ஊசி வளைவு கிடையாது, எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸும் வராது.

நம் நாட்டில் விற்கும் பிக்கப்புகளுக்கு இப்படி ஓர் அளவுகோலில் சோதித்த எண்ணை விளம்பரத்தில் காண்பது அரிது. அதனால்தான் உங்களில் சிலர் ஆஸ்திரேலியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும் என்று அடித்துப் பேசுகிறீர்கள். ஆஸ்திரேலியாவில் அந்த எண் உண்மை. அங்கே விற்கும் வண்டியின் ஸ்பிரிங் பட்டை, ஹூக், குளிர்விப்பு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை வரம்பு எல்லாவற்றையும் சேர்த்து அந்த நாட்டுச் சட்டத்துக்காகக் கொடுத்த எண் அது. பெயர் ஒன்று என்பதற்காக வண்டியும் ஒன்றாகிவிடாது. இங்கே விற்கும் வண்டிக்கு இங்கே கொடுக்கும் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுப் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் தம்பி சிரித்துக்கொண்டே "அதெல்லாம் இழுக்கும் சார்" என்பார். அந்தச் சிரிப்பை இன்சூரன்ஸ்காரர் ஆவணமாக ஏற்க மாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த நாட்டு எண்ணாக இருந்தாலும், இழுக்கும் வரம்பையும் சுமக்கும் வரம்பையும் ஒரே நேரத்தில் கடைசிவரை பயன்படுத்தப் பெரும்பாலும் முடியாது. இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு மொத்த வரம்பு உண்டு. ஐந்து பேர் உட்கார்ந்து, பின் தொட்டியில் ஜெனரேட்டரும் அரிசி மூட்டையும் ஏற்றிய பிறகு, டிரெய்லருக்கு மிச்சமிருக்கும் இடம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு.

இனி சொல்லப் போவதுதான் இந்த மடலில் மிக முக்கியமானது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் முன்பாரம், பின்பாரம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நெல் மூட்டையை முன்னால் கூடுதலாக அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். வண்டிக்காரர் ஒரு மூட்டையை அரையடி நகர்த்தி, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, லேசான முன்பாரத்தில் நிறுத்துவார். டிரெய்லரிலும் இதே கதைதான். ஹூக்கின் மேல் டிரெய்லர் அழுத்தும் எடையை அமெரிக்கர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் வேகம் குறைவு, டிரெய்லரும் லேசு. 5 முதல் 7 விழுக்காட்டில் நிறுத்துகிறார்கள். உங்கள் 1,200 கிலோவுக்கு அமெரிக்கக் கணக்கில் 120 முதல் 180 கிலோ, ஐரோப்பியக் கணக்கில் 60 முதல் 84 கிலோ.

பின்பாரம் விழுந்தால் டிரெய்லர் வாலாட்டும். நான்குவழிச் சாலையில் ஒரு பஸ் பக்கத்தில் உரசிப் போகும் காற்றே அதைக் கிளப்பிவிடப் போதும். ஆட ஆரம்பித்ததும் பதறி பிரேக்கை மிதித்தால் பிக்கப்பும் டிரெய்லரும் இடுப்பொடிந்து மடங்கிவிடும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்ல எடுக்க வேண்டும், ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், டிரெய்லருக்கு மின்சார பிரேக் இருந்தால் அதை மட்டும் தொட வேண்டும். படுக்கைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வைத்த டிரெய்லர் என்றால் அதை வாங்கும்போதே யோசியுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. நிரம்பியிருக்கும்போது ஒரு பாரம், காலியானால் வேறு பாரம்.

முன்பாரம் மிதமிஞ்சினால் பிக்கப் அவதிப்படும். ஹூக் பின் ஆக்சிலுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருக்கிறது. வீல்பேஸ் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். ஹூக்கில் 100 கிலோ விழுந்தால் பின் ஆக்சிலில் 140 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 40 கிலோ இறங்கும். அந்த 40 கிலோ எங்கிருந்து போகிறது என்று பாருங்கள்: ஸ்டியரிங் திருப்பும் சக்கரத்திலிருந்து, பிரேக்கில் பெரும்பங்கு பிடிக்கும் சக்கரத்திலிருந்து. முகப்பு விளக்கு மேலே எழும்பி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். அதனால்தான் பிக்கப் வாங்கும்போது எஞ்சினைவிடப் பின்பட்டையையும், சுமக்கும் வரம்பையும், ஹூக் மேல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற எண்ணையும் முதலில் கேட்கச் சொல்கிறேன். அந்த மூன்றாவது எண்ணை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் தெரிய ஒரே வழி எடைமேடை. எந்த நெல் மண்டிப் பக்கத்திலும் ஒன்று கிடைக்கும். முதலில் டிரெய்லரைப் பயணத்துக்குக் கட்டுவதுபோல முழுதாகக் கட்டுங்கள்: சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், மெத்தை, தண்ணீர், பிள்ளைகளின் சைக்கிள் வரை. கழற்றி எடை போடுங்கள். பிறகு பிக்கப்போடு மாட்டி, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு எடை. மாட்டாமல் பிக்கப் மட்டும் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹூக்கில் விழும் பாரம். பிக்கப்பை இன்னும் வாங்கவில்லையே என்பீர்கள். யாருடைய வண்டியையாவது இரவல் வாங்குங்கள். டிரெய்லரின் எடை தெரியாமல் பிக்கப் வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதைவிட விலை கூடிய விளையாட்டு.

இப்போது பாதை. ஆரியநாடு வழியாக வந்தாலும் நெடுமங்காடு வழியாக வந்தாலும் விதுராவில் சேர்ந்துவிடுவீர்கள். கல்லாறு வரை பெரிய சிரமம் இல்லை. குறுகலான கடைத்தெருக்கள், வேகத்தடைகள், அவ்வளவுதான். கல்லாறைத் தாண்டினால் காட்டுப்பாதையும் வளைவுகளும். ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டும் 5.3 மீட்டர் நீளம். டிரெய்லரோடு பத்து மீட்டரைத் தாண்டிவிடும். பஸ்ஸும் அதே நீளம்தானே, அது போகிறதே என்று கேட்கலாம். பஸ் தவறாகத் திருப்பினால் ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஒடிக்கலாம். டிரெய்லரோடு கொண்டை ஊசியின் நடுவில் ரிவர்ஸ் எடுப்பது நாமக்கல் டிரெய்லர் ஓட்டுநர்களுக்கே வியர்க்கும் வேலை. மேலும் டிரெய்லரின் சக்கரம் பிக்கப்பின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உள்பக்கம் இருப்பது ஓடை அல்லது பாறை. வெளிப்பக்கமாக அகலப் போனால் எதிரே இறங்கும் வண்டியின் பாதையில் இருப்பீர்கள். குறுகிய மலைப்பாதையில் இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். சுற்றுலா வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பதை நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்று ஒருவர் கேட்டாராம். சேற்றில், ஈரப் புல்லில் டிரெய்லரை இழுத்து வெளியே எடுக்க அது அருமை. காய்ந்த தார்ச்சாலையில், அதுவும் ஒடித்துத் திருப்பும் வளைவில், இந்தப் பிக்கப்புகளில் அதைப் போட்டுவிட்டு ஓட்டக் கூடாது. முன், பின் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டிய இடத்தில் இரண்டையும் பூட்டிவிட்டால் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

என் முடிவு: டிரெய்லரைக் கல்லாறில் நிறுத்துங்கள். அனுமதி பெற்ற தங்குமிடம் ஏதாவது ஒன்றின் வளாகத்தில் பேசி வையுங்கள். பொன்முடிக்கு பிக்கப்பில் மட்டும் ஏறி, அன்றே இறங்குங்கள். இழுவைக் கேரவனின் பெரிய வசதியே வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் சுற்றலாம் என்பதுதான். அதை விட்டுவிட்டு வீட்டையும் மலையுச்சிக்குத் தூக்கிப் போவது வீம்பு. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தபோது பூங்கா ஒன்றுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து கேரவன் நிறுத்தும் இடம் என்று வைத்ததும், அடுத்த ஆண்டு வாகமண்ணில் முதல் பூங்கா திறந்ததும் இதே எண்ணத்தில்தான். வண்டி ஓர் இடத்தில் நிற்க வேண்டும், மனிதர்கள் சுற்ற வேண்டும்.

ஆற்றங்கரையில் நிறுத்தலாம் என்ற ஆசை வேண்டாம். கல்லாறு பார்க்க வழவழப்பான பாறைகளும் முழங்கால் நீருமாக இருக்கும். மேலே காட்டில் மழை கொட்டினால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே மலைவெள்ளம் பாய்ந்து வரும். குளிக்க இறங்கியவர்களை அடித்துக்கொண்டு போன ஆறு இது. யானை நடமாட்டமும் உண்டு. இருட்டிய பிறகு சாலையில் வண்டியை நிறுத்தி ஹூக் சரிபார்க்கும் இடம் அல்ல அது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. இழுக்கும் வண்டியின் பதிவெண்ணையும் டிரெய்லரில் காட்ட வேண்டும். வெல்டிங் பட்டறையில் தெரிந்தவரிடம் சொல்லிச் செய்துகொள்ளும் யோசனை யாருக்காவது இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். வகை ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஹூக் பொருத்துவதிலும் கவனம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றி அமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். சேசிஸில் துளை போட்டு, வெட்டி ஒட்டி ஹூக் வைப்பது அந்தத் தீர்ப்பின் பக்கத்தில்கூட நிற்காது. நிறுவனம் அங்கீகரித்த ஹூக், ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் எழுத்துமூலப் பதில், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தகவல் கடிதம். மூன்றும் கையில் இருக்கட்டும். மஞ்சள் பலகை போட்ட சரக்கு பிக்கப்பைக் குடும்பப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது, பாட்டிக்கு முட்டி வலி என்றாலும்.

சரி, எந்த வண்டி? எடைச்சீட்டில் டிரெய்லர் 750 கிலோவுக்குள் வந்தால் கேம்பர் என்று சொன்னவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். பின்பட்டை சுமைக்கென்றே கட்டியது, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. நான்குவழிச் சாலையில் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். 750க்கும் 1,200க்கும் நடுவில் என்றால் நான் வி-கிராஸ் 4x4 ஆட்டோமேட்டிக் எடுப்பேன். ஆட்டோமேட்டிக் என்பது சொகுசுக்காக அல்ல. ஏற்ற வளைவில் பாரத்தோடு நின்று கிளம்பும்போது எரிவதற்கு கிளட்ச் தட்டு இல்லை, அதுதான் காரணம். இறங்கும்போது கியரைக் கையால் கீழே போட்டுப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள். 1,200ஐத் தாண்டினால் ஹைலக்ஸ். அதிலும் மானுவல் 420 டார்க், ஆட்டோமேட்டிக் 500, அதனால் இரண்டாவது. ஆனால் அந்த எடைக்குப் போவதற்கு முன், டிரெய்லரில் எதைக் குறைக்கலாம் என்று வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். சமையலறையைச் சின்னதாக்கச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம். வெளியே அடுப்பு வைத்துச் சமைப்பதைத்தான் அவர்கள் விரும்புவார்கள், நான் கேட்டவரையில். இவை எல்லாமே கையேட்டிலோ கடிதத்திலோ உங்கள் டிரெய்லரின் எடைக்கு நிறுவனம் சரி சொன்ன பிறகுதான். சொல்லவில்லை என்றால் என் வாக்கையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.

வண்டி வந்ததும் நேரே கல்லாறு கிளம்பாதீர்கள். காலியான மைதானம் ஒன்றில் ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகும். அது கைக்கு வர நாள் பிடிக்கும், ஆண்களில் அதை ஒப்புக்கொள்பவர் குறைவு. ஓட்டப் போகும் எல்லாரும் பழகுங்கள், ஒருவரை மட்டும் நம்ப வேண்டாம். பிறகு பாரத்தோடு ஒரு முறை கன்னியாகுமரி போய்வாருங்கள், சமதளம். நான்கு டயரின் சூட்டையும் டிரெய்லர் டிரம்மின் சூட்டையும் இறங்கி இறங்கிக் கைவைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கல்லாறுக்கு ஜனவரி நடுவுக்குப் பிறகு போங்கள். இரண்டு பருவமழையும் ஓய்ந்திருக்கும். 2022இல் மழையில் பொன்முடிச் சாலை இடிந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மலை முழுக்க வண்டியாக நிற்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டமும் அதற்குள் கலைந்திருக்கும். வார நாளில், விடியலில் கிளம்பி, களியக்காவிளையைக் கூட்டம் சேர்வதற்கு முன் தாண்டிவிடுங்கள். எடைச்சீட்டு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கையேட்டின் இழுவைப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பழைய ஓட்டுநர் ஒருவர்